ஊர் விளையாட்டு நினைவு விழா: தேதி பிடிப்பதிலிருந்து திடல் போடுவது வரை

கபடிக் குழுவுக்கு 50 வயது, பள்ளி அணி கோப்பை வாங்கி 25 வருஷம், டிவியில் ஊரே உட்கார்ந்து பார்த்த ஒரு மல்யுத்தத்துக்கு 40 வருஷம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி விழா எடுக்கலாம் என்று பேச்சு வந்தால், பொதுவாக முதலில் பந்தல்காரருக்கும் ஃபிளெக்ஸ் கடைக்கும்தான் போன் போகும். அவை கடைசி வேலைகள். முதல் வேலை தேதி. தேதி தப்பினால் நோட்டீஸ், விழா மலர், கேடயம் எல்லாவற்றிலும் அந்தத் தப்பே அச்சாகும். பத்து வருஷம் கழித்து அடுத்த விழா எடுக்கிறவர்களுக்கு அதுவே ஆதாரமாகவும் ஆகிவிடும். விழாவுக்கு ஆறு மாதம் முன்பே இதில் இறங்கிவிடுங்கள்.

எத்தனையாவது ஆண்டு?

அதிகம் சண்டை வருவது இந்தக் கணக்கில்தான். 1976-ல் முதல் போட்டி நடந்ததென்றால், இடையில் ஒரு வருஷமும் விடாமல் நடத்தியிருந்தால், 50-ஆவது போட்டி 2025-ல் வரும். 50 ஆண்டு நிறைவு 2026-ல் வரும். இரண்டும் சரிதான், ஆனால் வேறு வேறு. நோட்டீஸில் ‘50-ஆம் ஆண்டு போட்டி’ என்று போடுகிறீர்களா, ‘50 ஆண்டு நிறைவு’ என்று போடுகிறீர்களா என்பதைக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இடையில் விட்டுப்போன வருஷங்களும் உண்டு: கொரோனா, வறட்சி, ஊரில் துக்கம், இரண்டு தெருவுக்குள் மனக்கசப்பு. அவற்றைக் கழித்தால் போட்டி எண்ணிக்கை குறையும், நிறைவு ஆண்டு மாறாது. சந்தேகம் இருந்தால் ‘நிறைவு’ என்ற கணக்கே பாதுகாப்பானது.

பழைய நோட்டீஸ் கையில் இருந்தால் அதில் தமிழ் வருஷம் இருக்கும். ‘குரோதன வருடம் தை மாதம் 3-ஆம் தேதி’ என்று இருந்தால், குரோதன என்பது 1985 என்று பார்த்துவிட்டு 1985 ஜனவரி என்று எழுதிவிடுவார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. குரோதன 1985 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1986 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அதனால் அந்தத் தை, 1986 ஜனவரி. பொங்கல் போட்டிகள் எல்லாமே தையில் வருவதால் இந்த ஒரு வருஷப் பிசகு அடிக்கடி நடக்கும். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது.

கிழமையும் அச்சாகியிருந்தால் நல்லது, அதுதான் சரிபார்க்கும் சாவி. போன் காலண்டரில் அந்த வருஷத்துக்குப் போய்த் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்தியா லார்ட்ஸில் உலகக்கோப்பை வென்ற 1983 ஜூன் 25 சனிக்கிழமை. ‘அது ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நன்றாக ஞாபகம்’ என்று ஒருவர் சத்தியம் செய்தால் அவர் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கலாம்: ஆட்டம் முடியும்போது இங்கே நள்ளிரவை ஒட்டிவிட்டது. கொண்டாட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

நோட்டீஸ் இல்லையென்றால் அடுத்த நம்பகமான சாட்சி விளையாட்டுச் சான்றிதழ். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே, மின்வாரியம் என்று வேலைக்குப் போனவர்கள் அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பார்கள். கோப்பையின் அடியில் பொறித்த வருஷத்தை அப்படியே நம்பாதீர்கள். சுழற்கோப்பையில் சில சமயம் நன்கொடை கொடுத்த வருஷமே இருக்கும், போட்டி நடந்த வருஷம் இருக்காது.

பத்திரிகையில் தேடப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. உள்ளூர்ப் போட்டி முடிவு மறுநாளே வந்துவிடாது. பகுதி நேர நிருபர் செய்தி அனுப்பி அச்சாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் போட்டி நாளிலிருந்து ஒரு வாரத்து இதழ்களைப் புரட்டுங்கள். அதுவும் நம் டெல்டா மாவட்டங்களுக்கான திருச்சி பதிப்பு. சென்னைப் பதிப்பில் நம்மூர்ச் சடுகுடு முடிவு எதற்கு வரப்போகிறது? அடுத்தது மாவட்டப் பெயர். நாகை 1991-லும் திருவாரூர் 1997-லும் மயிலாடுதுறை 2020-லும்தான் தனி மாவட்டங்களாயின. 1991-க்கு முந்தைய செய்தியில் வேதாரண்யமும் மன்னார்குடியும் சீர்காழியும் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்தான் இருக்கும். ‘திருவாரூர் மாவட்ட அணி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மலர் எழுதும்போதும் ‘1984-ல் திருவாரூர் மாவட்ட சாம்பியன்’ என்று போட்டுவிடாதீர்கள்.

டிவியில் பார்த்ததன் தேதி

மல்யுத்த ரசிகர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி நடந்தது இங்கே திங்கள் காலை. ரெஸில்மேனியா என்ற வருடாந்திரப் பெரிய மல்யுத்த நிகழ்ச்சியில் அண்டர்டேக்கரின் 21 தொடர் வெற்றியை பிராக் லெஸ்னர் முறித்தது நியூ ஆர்லியன்ஸில் 2014 ஏப்ரல் 6. இங்கே நேரலையில் பார்த்தவர்களுக்கு அது ஏப்ரல் 7. தொண்ணூறுகளில் நேரலையே இல்லை, பெரிய நிகழ்ச்சிகள் தாமதமாகத்தான் வந்தன. ஆகவே ‘பத்தாவது பரீட்சை சமயம் பார்த்தேன்’ என்ற ஞாபகத்தை வைத்துத் தேதி கட்டாதீர்கள். இன்னொரு சிக்கல், முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்பிய நிகழ்ச்சிகள். தி கிரேட் காளி உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஆட்டம் 2007 ஜூலையில் பதிவானது ஒரு நாள், ஒளிபரப்பானது சில நாள் கழித்து. நடந்த இடத்தின் தேதியைப் போடுவதுதான் முறை. இங்கே பார்த்த நாளை வேண்டுமானால் கீழே சிறிய எழுத்தில் சேருங்கள்.

இப்போதே குறித்துவைக்கத் தகுந்தவை: ஆந்த்ரே தி ஜயன்டை ஹல்க் ஹோகன் தூக்கிப்போட்ட மூன்றாவது ரெஸில்மேனியா 1987 மார்ச் 29-ல் நடந்தது. அதன் 40 ஆண்டு நிறைவு 2027-ல். அன்றைய கூட்டம் 93,173 என்பது கம்பெனி சொன்ன கணக்கு, அது கூடுதல் என்று மறுக்கிறவர்கள் உண்டு. ஆகவே பேனரில் எண்ணைப் போட்டால் ‘கம்பெனி அறிவித்த’ என்று சேர்த்துப் போடுங்கள். அதே 2027-ல்தான் கஷாபா ஜாதவ் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி 75 ஆண்டு நிறைகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் மல்யுத்தத்தில், 1952-ல். இரண்டையும் ஒரே மேடையில் வைக்கலாம். ஆனால் ஒன்று எழுதிவைத்த கதைப்படி நடக்கும் காட்சி, மற்றொன்று போட்டி. அதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களைப் பேசவைக்க ஹோகனைவிட தாராசிங் உதவுவார். பம்பாயில் 1968 மே 29-ல் அமெரிக்க மல்லர் லூ தெஸை அவர் வீழ்த்தினார் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் போதும், பயில்வான், கோதா என்று பேச்சு தானே கிளம்பும்.

சிறுவர் பகுதிக்கு, மல்யுத்த வீரர் படம் போட்ட பழைய ட்ரம்ப் கார்டுகளை வீட்டு பரணில் தேடச் சொல்லுங்கள். ரேங்க், உயரம், எடை, மார்பளவு எல்லாம் அதில் இருக்கும். காட்சிக்கு வைக்க அருமையான பொருள். ஆனால் அதிலிருக்கும் அளவுகளை நம்பி எடுத்துத் தகவல் பலகை எழுதாதீர்கள்.

பதக்கத்தின் நிறம் பின்னால் மாறுவதும் உண்டு. திருச்சி மாவட்டத்துக்காரரான ஆரோக்கிய ராஜீவ் ஓடிய 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்தது வெள்ளி. பஹ்ரைன் அணி தகுதி நீக்கம் ஆனதால் 2020-ல் அது தங்கமானது. நினைவுநாள் எது? ஓடிய நாள்தான். பதக்கம் மட்டும் ‘தங்கம்’ என்று இருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் நடத்துவது

உண்மையான தேதி ஐப்பசியிலோ கார்த்திகையிலோ விழுந்தால் திடல் விழாவை அன்றைக்கு வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் திடல் சேறாகும். விளக்குப் போட்டால் சம்பா வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி மொத்தமும் வந்து ஆட்டக்காரர் கண்ணிலும் காதிலும் அப்பும். அன்றைய தேதியில் நோட்டீஸ் வெளியீடு, பழைய ஆட்டக்காரர் வீட்டுக்குப் போய்ச் சால்வை போடுவது என்று சின்னதாக முடித்துவிட்டு, பெரிய விழாவைத் தள்ளிவையுங்கள்.

பொங்கலை ஒட்டி மூன்று நாள் எல்லோருக்கும் பிடிக்கும், திருப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். ஆனால் வயல் ஈரம் காய்ந்திருக்காது. பள்ளி மைதானம் கிடைத்தால் மட்டுமே ஒத்துவரும். தை கடைசியிலிருந்து மாசி முழுக்க அறுவடை. களம், மைதானம், சாலையோரம் எல்லாம் நெல் காயும். கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருந்தால் உங்கள் திடலில் மூட்டை அடுக்கியிருப்பார்கள், அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பங்குனியில் பொதுத்தேர்வு. மிச்சம், சித்திரை நடுவிலிருந்து வைகாசி வரை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் அதற்குமுன் உழவு வேலை தொடங்கிவிடும், ஆள் கிடைக்காது. மே மாதம் மாலை 5 மணிக்குத் தொடங்கி விளக்கில் முடிப்பதே இங்கே நடைமுறை.

உள்ளரங்க விளையாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. மயிலாடுதுறைக்காரர்கள் சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். விசுவநாதன் ஆனந்த் அங்கே பிறந்தது 1969 டிசம்பர் 11, டெஹ்ரானில் முதல் உலகப் பட்டம் வென்றது 2000 டிசம்பர் 24. இரண்டும் மழைக்காலம்தான், கல்யாண மண்டபத்தில் பலகை போட்டால் முடிந்தது.

படமும் கேசட்டும்

படம் வாங்கும்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். வரிசை எண், யாருடையது, எத்தனை படம், வாங்கிய தேதி, கையெழுத்து. படத்தின் பின்புறம் பால்பாயிண்டில் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். எண்ணைக் காகித உறையின் மேல் எழுதி, படத்தை உள்ளே போடுங்கள்.

ஒட்டும் பக்கமுள்ள பழைய ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் உரிக்காதீர்கள். மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்து ரம்பம்போல மெதுவாக இழுத்தால் பிரியும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தொடவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து, நிழலான வெளிச்சத்தில், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படமெடுங்கள். பளபளப்பு விழாது. ஸ்கேன் செய்தால் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ போதும், 12-க்கு 18 வரை தெளிவாகப் பெரிதாக்கலாம். பாஸ்போர்ட் அளவுக்கு 1200 வையுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கும் படம் சுருங்கித்தான் வரும். அனுப்புகிறவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் 2018 நவம்பர் கஜா புயலில் கூரையோடு படங்களும் போன வீடுகள் உண்டு. அந்த ஊர்களில் உள்ளூரில் தேடி அலுக்காமல், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் உறவினரிடம் முதலில் கேளுங்கள். அன்று அனுப்பிவைத்த பிரதி அங்கே இருக்கலாம்.

எண்பது, தொண்ணூறுகளின் இறுதிப்போட்டிகளைக் கல்யாண வீடியோ எடுத்தவர்களே விஎச்எஸ் கேசட்டில் எடுத்திருப்பார்கள். கேசட் ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். மாவு தூவியதுபோல வெள்ளையாக இருந்தால் பூஞ்சை. ஆற்றங்கரை ஈரத்தில் இது சகஜம். அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட் அடைத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டும் கெடும். பூஞ்சைக் கேசட்டைத் தனியாகப் பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டையும் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிய பிறகே ஓடவிடுங்கள், ஒட்டியிருந்த சுற்றுகள் தளரும். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவாகட்டும். இரண்டாவது முறை ஓடுமென்று உறுதியில்லை. விசிஆர் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது, நல்ல மிஷின் வைத்திருப்பவரைத் தேடுவதே பாதி வேலை.

டிவி மல்யுத்தக் காட்சியையோ கிரிக்கெட்டையோ திரையிட்டு அதை யூடியூபில் ஏற்றினால் உரிமைப் புகாரில் உங்கள் சொந்தக் கபடி வீடியோவும் சேர்ந்து முடங்கும். உங்கள் ஊர்ப் படங்களே போதும்.

ஆட்டக்காரர்களும் பட்டியலும்

‘அன்றைக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘சூப்பரா இருந்துச்சு தம்பி’ என்பதோடு முடியும். வேறு மாதிரி கேளுங்கள். கடைசிப் பாட்டு (எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரெய்டு) யார் பாடிப் போனார்? எந்தக் காலைப் பிடித்தார்கள்? ரெஃப்ரி எந்த ஊர்க்காரர்? பெட்ரோமாக்ஸா, ட்யூப்லைட்டா? ராத்திரி சாப்பாடு எந்த வீட்டில்? ஒரே ஆட்டத்தை ஆடிய இருவரைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்தி, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு அடி தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள்.

பெயர் விடுபடுவதைவிடப் பெரிய வம்பு இந்த விழாக்களில் கிடையாது. இனிஷியலோடு, தெருவோடு பட்டியல் தயாரித்து, அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் பத்து நாள் டீக்கடையிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள். கீழே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். திருத்தம் அங்கேயே எழுதப்படும். மாற்று ஆட்டக்காரர், பந்தல் போட்டவர், தண்ணீர் கொடுத்தவர் எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வருவார்கள். இறந்தவர்கள் பெயருக்குமுன் ‘அமரர்’ போடுவதற்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம். உயிரோடு இருப்பவருக்குப் போட்டுவிட்டால் அந்த மலரையே யாரும் தொடமாட்டார்கள்.

திடல்

ஆண்கள் கபடித் திடல் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் லாபி ஒவ்வொரு மீட்டர் அந்த 10-க்குள்ளேயே அடங்கும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. கோடு சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை கயிறு பிடியுங்கள். இரண்டு பக்கமும் 16.40 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் திடல் கோணல். கோட்டுக்குச் சுண்ணாம்பு போடாதீர்கள், வியர்வையில் பட்டால் தோலும் கண்ணும் எரியும். கோலமாவு போதும்.

டெல்டாவின் களிமண் காய்ந்தால் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடிக்கும். அதன்மேல் சவுடு மண் மூன்று அங்குலம் போட வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டு 15-க்கு 12 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். கடலோர ஊர்களில் மண்ணைச் சலித்தே கொட்டுங்கள், கிளிஞ்சல் கிழித்துவிடும். முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, காலையில் லேசாகக் கொத்திவிட்டால் விழுந்தால் அடிபடாது. மணல் மட்டும் போட்டால் வழுக்கும், முட்டி தேயும்.

பழைய ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம் ஐந்து நிமிடம், இரண்டு நிமிட ஓய்வு, மீண்டும் ஐந்து நிமிடம். அதற்குமேல் வேண்டாம். தொட்டாலே அவுட். காலைப் பிடிப்பது, மோதித் தள்ளுவது கூடாது என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் பிடிப்பார்கள், அதனால் ரெஃப்ரி கண்டிப்பான ஆளாக இருக்கட்டும். அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு பாட்டு பாடிவிட்டு உட்காரலாம். மோதிரம், வாட்ச், செயினோடு அரைஞாண் கயிற்றையும் கழற்றச் சொல்லுங்கள். இடுப்புப் பிடி போடுகிறவர் விரல் அதில் மாட்டித்தான் பிசகும். சாப்பாடு ஆட்டத்துக்குப் பிறகுதான்.

புரோ கபடி லீக் 2014-ல் வந்த பிறகு பிள்ளைகளுக்கு டூ ஆர் டை, சூப்பர் டேக்கிள் போன்ற டிவி கபடி விதிகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மூச்சு விடாமல் பாடியதும், மூச்சு அறுந்ததா என்று ரெஃப்ரி காது கொடுத்துக் கேட்டதும் அவர்களுக்குப் புதிது. வர்ணனையாளர் ஆட்டத்துக்குமுன் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால் கைதட்டல் சரியான இடத்தில் விழும். சிறுவர்களை மேசைமேல் ஏற்றி டிவி மல்யுத்தக் குத்துகளைச் செய்து காட்டச் சொல்வது மட்டும் கூடவே கூடாது, கழுத்தெலும்பு விஷயம்.

அனுமதி வேலை சுருக்கமானது. காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்து மூலமாக மனு, ஃபிளெக்ஸ் வைக்கத் தனி அனுமதி, இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தம். சாதி அடையாளமுள்ள பனியன், கொடி, பாட்டு எதுவும் வேண்டாம் என்று கலந்துகொள்ளும் அணிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மேடைப் பேச்சு நான்கு பேருக்கு மேல் போனால் கூட்டம் கடலை வண்டிக்குப் போய்விடும்.

விழா முடிந்த மறுநாளே நோட்டைத் திறந்து படங்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குங்கள். வாங்கிய உறையிலேயே, ஸ்கேன் பிரதியை பென்டிரைவில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு. மொத்தத் தொகுப்பின் ஒரு பிரதி ஊர் நூலகத்திலும், ஒன்று பள்ளித் தலைமையாசிரியரிடமும், ஒன்று வெளியூரில் இருக்கும் ஒரு ஆட்டக்காரர் வீட்டிலும் இருக்கட்டும். அடுத்த புயல் எந்த வீட்டுக் கூரையை எடுக்கும் என்று சொல்ல முடியாது.